வரவேற்பறை மீன்கள்

சோப்புக் கம்பெனியில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தேன் என்றால், உடனே நான் மணக்க மணக்க இருந்திருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். சோப்பு முன்வாசல் வழியாகப் போகும். அது செய்து மிஞ்சிய தண்ணீர் பின்வாசலுக்கு வரும். நான் பின்வாசல். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அந்தப் பகுதிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் பின்கட்டு. அங்கே காக்கைகள் ஒரு இறக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு இறக்கையால் பறக்கும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள் என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். காக்கை விஷயத்தில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. கம்பெனியின் எட்டு மணிச் சங்கு ஊதும்போது போர்வையை இழுத்து மறுபடியும் புரண்டு படுப்பேன். ஒரு ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்தாலும் அந்தப் புரளலுக்கு ஈடாகாது. வீட்டிலிருந்த களைப்பு மொத்தமும் இப்போது மகளுக்குப் போய்விட்டது. அவளும் அதே கம்பெனிதான். முப்பத்தெட்டு வயது, காதோரம் நரை, கம்பெனியின் நிலைத்தன்மைப் பிரிவுத் தலைவி. எங்களுக்கு இன்னும் பாப்பா. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர் என்பதால் வருஷத்தில் பாதி நாள் எங்களோடுதான் இருப்பாள்.

அது என்ன வேலை என்று அவள் அம்மா ஒருமுறை கேட்டாள்.

"கம்பெனி காத்தையும் தண்ணியையும் கெடுக்காம லாபம் பார்க்குதான்னு பார்க்கணும்மா."

"கெடுத்துச்சுன்னா?"

"அறிக்கை எழுதணும்."

"கெடுக்கலைன்னா?"

"அதுக்கும் அறிக்கைதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவள் சாப்பாட்டு மேசையில் நூற்று நாற்பது பக்க அறிக்கையை விரித்துவைத்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அட்டையில் எங்கள் வரவேற்பறையின் கண்ணாடித் தொட்டி. அதில் ஏழு தங்க மீன்கள். அதைப் பார்த்ததும் டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை விழாப்பா. நம்ம சுத்தம் பண்ண தண்ணியைக் குழாய் போட்டு, பின்னாடி இருக்கிற தோட்டக்காரங்களுக்குக் கொடுக்கப்போறோம். இருநூறு குடும்பம். கீரையும் காய்கறியும் போடுறவங்க. அன்னைக்குத்தான் வால்வைத் திறக்கிறாங்க."

"நல்ல காரியம்தானேம்மா?"

"நல்ல காரியம்தான். அதுக்கு நான் ஒரு கையெழுத்துப் போடணும். தண்ணில உயிர் வாழும்னு." அவள் கண்ணைத் தேய்த்தாள். "ஆய்வகத்துல ரசாயனக் கணக்கெல்லாம் சரியா இருக்கு. ஆனா மீன் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. பத்து மீனை அந்தத் தண்ணில நாலு நாள் விடணும். ஒண்ணுக்கு மேல சாகக்கூடாது. போன வருஷமே பண்ணியிருக்கணும். சின்னவர், 'எதுக்கு நாலு நாளு? எட்டு வருஷமா வாசல்லயே சோதனை நடக்குதே'ன்னு தொட்டியையே அறிக்கைல போடச் சொல்லிட்டாரு. எட்டு வருஷம், ஒரு மீன்கூட சாகலை. அப்பா, ஆறு வருஷம் நீங்கதானே அங்க இருந்தீங்க? உண்மைதானே?"

"உண்மையாவா! அதுல ஒரு மீன் என்கிட்ட வந்து, 'சார், எனக்கும் வயசாச்சு, பென்ஷன் உண்டா'ன்னு கேட்டுச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் கொட்டாவியாகிவிட்டது. மஞ்சள் சீட்டைக் கிழித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பினாள்.

நான் எழுந்து போய்க் கை கழுவினேன். கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கழுவினேன்.

விஷயம் இதுதான். எங்கள் முதலாளியின் மகனைச் சின்னவர் என்போம். தங்கமான மனுஷன். எட்டு வருஷத்துக்கு முன்னால் தலைமைப் பயிற்சி என்று எங்கோ மலைமேல் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். வந்ததும் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி, "நாம எதுக்காக இருக்கோம்?" என்று கேட்டார். கொதிகலன்காரர் கை தூக்கி, "ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது சார், அதுக்காக" என்றார். சின்னவர் கோபப்படவில்லை. லாபம் என்பது மூச்சு விடுகிற மாதிரி, மூச்சு விடுவதற்காகவே யாரும் பிறப்பதில்லை, கம்பெனிக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்றார். நோக்கம் சுவரில் ஏறியது: 'எடுத்த தண்ணீரை எடுத்தபடியே திருப்பித் தருவோம்.' ஆனை உயர எழுத்து. அதன் கீழே கண்ணாடித் தொட்டி வைத்து, பின்கட்டில் சுத்தம் செய்த தண்ணீரை ஊற்றி, ஏழு மீன்களை விடச் சொன்னார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டி, "மனுஷன் பொய் சொல்லுவான், மீன் சொல்லாது" என்பார். எனக்கு மயிர்க்கூச்செறியும். சத்தியமாக.

தொட்டி வைத்த முதல் வாரம் திங்கட்கிழமை நான் தண்ணீர் மாற்றினேன். புதன்கிழமை ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னவர் அன்றுதான் நான்கு விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. அந்த மனுஷனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பின்கட்டில் என்கீழ் வேலை பார்த்த ஐந்து பேரையும் நினைத்தேன். ஓட்டமாகப் போய்க் கடையில் அதே நிறத்தில் ஒரு மீனை வாங்கி, சாப்பாட்டுப் பையில் ஒளித்து வந்து விட்டேன். ஒருமுறைதான் என்றுதான் நினைத்தேன். திருடனும் அப்படித்தான் நினைப்பான். அதன்பிறகு புதன்தோறும் என் பை நனைந்தே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும், பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புதன்கிழமை புறப்பட்டுவிடுவேன். மீன் கடைக்காரர் தன் கடையின் மேல்மாடியே என்னால்தான் எழும்பியது என்று சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் பாப்பாவுக்கு முன்னால் நான் கம்பெனியில் இருந்தேன். வரவேற்பில் இருப்பவரை ஹலோ அக்கா என்போம். இருபது வருஷமாக போன் எடுத்துப் பழகி, எதிரில் நிற்பவரிடமும் ஹலோ சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்.

"ஹலோ, என்ன சார், இன்னைக்குத் திங்களாச்சே?"

"அக்கா, ஒரு பாவத்தைச் சொல்லணும். இந்த மீனெல்லாம்... நான் மாத்தி மாத்தி விட்டது."

அவர் முகம் வெளுத்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்களுமா?" என்றார்.

"நீங்களுமான்னா?"

"நான் மீனை மாத்தலை சார். தண்ணியை மாத்துவேன். நீங்க திங்கக்கிழமை ஊத்திட்டுப் போவீங்களா, அதுங்க வாயைப் பொளந்துகிட்டு மேல வரும். பார்க்கச் சகிக்காது. யாரும் இல்லாதப்ப நாலு ஜக்கு மொண்டு கீழ கொட்டிட்டு, நல்ல குழாய்த் தண்ணி ஊத்துவேன். மருந்து வாசனையோட, சுத்தமா இருக்கும்."

"அந்த மருந்து குளோரின் அக்கா! மீனுக்கு அது விஷம்!"

"ஐயையோ, நான் நல்லதுக்குத்தானே..."

காவல் சீருடையில் ஒருவர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். வாசல் காவலர்தான். முதலாளி காரையும் விசில் அடித்து நிறுத்தியவர் என்பதால் பெயர் விசில்.

"சனி, ஞாயிறு நான்தான் பார்த்துக்கறேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பசிக்குமேன்னு ஒரு பாக்கெட் பிஸ்கட் போடுவேன். செத்துச்சுன்னா நானும் வாங்கி விட்டுருவேன்."

"ஒரு பாக்கெட்டா? யோவ், அது மீனா, மாடா?"

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. சில வருஷங்களுக்கு முன் ஏழு மீன்கள் திடீரென்று ஒன்பதாயின. நானும் விசிலும் ஒரே செத்த மீன்களுக்குத் தனித்தனியாக மாற்று வாங்கி விட்டிருக்கிறோம். சின்னவர் பூரித்துப்போய், "நம்ம தண்ணில குஞ்சு பொரிச்சிருக்கு" என்று படம் பிடித்து இயக்குநர்களுக்கெல்லாம் அனுப்பினார். விரல் நீளத்துக்கு வளர்ந்த பிறகே பிறந்த குஞ்சுகள்!

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் தொட்டியைப் பார்த்தோம். மீன்கள் செத்தது என் தண்ணீராலா, அக்காவின் குழாயாலா, விசிலின் பிஸ்கட்டாலா? எட்டு வருஷச் சாட்சி, ஒன்றுக்கும் உதவாமல் நீந்திக்கொண்டிருந்தது.

பாப்பாவின் அறையில் போய்ச் சொன்னேன். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது எனக்குப் பழக்கமில்லாததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள்.

"நேத்தே கேட்டேனேப்பா."

"ஆமாம்மா, நீ கேட்டே."

"நாலு வருஷமா நான் போற கூட்டத்துக்கெல்லாம் அந்த மீனைச் சொல்லிட்டிருக்கேன். மேடை போட்டு."

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சின்னவரைப் பார்க்கப் போனாள். என்னையும் கூட வரச் சொன்னாள்.

சின்னவர் முழுவதையும் கேட்டார். மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார், மறுபடியும் நேராக வைத்தார். "நம்ம நோக்கம் சரிதானே மேடம்?" என்றார் கடைசியில்.

"நோக்கம் சரிதான் சார். தண்ணிதான் எப்படின்னு தெரியலை."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு விழா. பத்திரிகை அடிச்சாச்சு. தோட்டக்காரங்க குடும்பத்தோட வராங்க."

"இன்னைக்கு மூணு மணிக்கு ஆரம்பிச்சா வெள்ளி மூணு மணிக்கு நாலு நாள் முடியுது. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடலை சார்."

அவர் முகம் சற்றுத் தெளிந்தது. நாலு நாள்தானே, நம் தண்ணீர் நம்மைக் கைவிடாது என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் அவரிடம் கஷ்டம்.

கடைக்குப் போய் மீன்களை நானே பொறுக்கினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, துடிப்பாக இருந்த பத்தை எடுத்தேன். பழைய மீன்களை ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டியைக் கழுவி, பின்கட்டுத் தண்ணீர் நிரப்பி, மூன்று மணிக்கு விட்டோம். பாப்பா தன் மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்து தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். 'யாரும் தொட வேண்டாம்' என்று காகிதம் ஒட்டினாள். அது மூன்று பேருக்கான காகிதம் என்று கம்பெனிக்கே தெரியும். தொட்டியின் மூடிக்குப் பூட்டும் போட்டாள், எழுந்து போகும்போதெல்லாம் சாவியை எடுத்துப் போவாள்.

எட்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஹலோ அக்காவின் கை தானாக ஜக்கைத் தேடியது. விசில் பிஸ்கட்டைப் பிரித்துத் தானே தின்று தீர்த்தார், நாலு நாளில் நாற்பது கிலோ கூடியிருப்பார். எனக்கு வேலையே இல்லை. ஆனாலும் தினமும் மகளுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும் சாக்கில் போய் நின்றேன். அவள் இரண்டு வாய் சாப்பிடுவாள். அதற்குள் போன் வரும். விளம்பரப் பிரிவிலிருந்து, அட்டைப் படத்தை மாற்ற நேரமில்லை என்பார்கள். தூரதேசத்தில் சோப்பு வாங்கும் கம்பெனியிலிருந்து, அறிக்கை எங்கே என்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே குரலில், "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்பாள். வியாழக்கிழமை அந்தக் குரலே தேய்ந்துவிட்டது.

"நீ கொஞ்சம் படுத்துக்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நீங்க பார்த்துக்கிட்டதுதான்பா இது."

சுடச்சுடச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் களைப்பாகச் சொன்னாள்.

வியாழன் மதியம் ஒரு மீன் செத்தது. ஒன்று போகலாம், விதி அனுமதிக்கிறது. ஹலோ அக்கா விசும்பினார். பாப்பா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். வெள்ளி காலை ஒன்பதும் நீந்தின. ஒன்றரை மணிக்கு இன்னொன்று மூலையில் ஒதுங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.

அதைப் பார்த்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமல் கடைக்குப் போய்விட்டன.

இரண்டரை மணிக்கு நான் திரும்பி வந்தபோது என் பையில், பிளாஸ்டிக் உறைத் தண்ணீரில், அதே அளவில் ஒரு மீன் இருந்தது. பாப்பா எழுந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. "முகம் கழுவிட்டு வரேன்பா. அஞ்சு நிமிஷம்." பூட்டுச் சாவியை மேசையிலேயே விட்டுப் போனாள். மறந்து விட்டாளா, நம்பி விட்டாளா, இன்றுவரை கேட்கவில்லை.

அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போகவும் அந்த மீன் மல்லாந்தது.

இரண்டு. பத்தில் இரண்டு போனால் தேறாது. ஒன்று போனால் தேறும். நடுவில் இருந்தது என் பை. ஹலோ அக்கா என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒலிக்காத போனை எடுத்து "ஹலோ" என்றார். வாசலில் விசில் முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகு அவ்வளவு அகலம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் கணக்கு ரொம்பச் சின்னது. மீனை மாற்றினால் மகள் மேடை ஏறுவாள், கையெழுத்துப் போடுவாள், வீட்டுக்கு வந்து தூங்குவாள். மாற்றாவிட்டால் அவள் வேலை என்னாகும் என்று யாருக்கும் தெரியாது. சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.

"ஏங்க, இந்தத் தண்ணிதானா எங்களுக்கு வரப்போவுது?"

திரும்பினேன். தோட்டக்காரர் ஒருவர், விழாவுக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கூடவே மனைவி. அந்த அம்மா கண்ணாடிக்கு அருகே குனிந்து மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றேன்.

"நல்ல தண்ணிதானே? இந்த வருஷம் கிணறு சுத்தமா வத்திப்போச்சு. இதை நம்பித்தான் விதைச்சிருக்கோம்."

எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லும் வாய் இது. அமிர்தம் என்றிருக்கலாம், குடித்தால் நரை கறுக்கும் என்றிருக்கலாம். கையிலிருந்த திறந்த பூட்டைப் பார்த்தேன்.

"ஒண்ணு மல்லாந்து கிடக்குதே," என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. செத்துப்போச்சு."

பூட்டை மறுபடியும் பூட்டினேன்.

பாப்பா நெற்றியில் தண்ணீர் சொட்ட வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு என் பை அசைவதைப் பார்த்தாள்.

"பைக்குள்ள என்னப்பா?"

"மீனு."

"எத்தனை?"

"ஒண்ணு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உட்கார்ந்து நேரத்தை எழுதினாள். மூன்று மணிவரை தொட்டியைவிட்டு எழவில்லை. பிறகு அறிக்கையில் அந்தப் பக்கத்தை எடுத்து, 'எட்டு ஆண்டுகள், இறப்பு இல்லை' என்ற வரியை அடித்து, மேலே பேனாவால் எழுதினாள்: 'பத்து மீன்கள், நான்கு நாள், இரண்டு இறந்தன. தண்ணீர் இன்னும் தகுதி பெறவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள். மேலே போய்ச் சின்னவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

விழா நடந்தது. வால்வு திறக்கவில்லை. சின்னவர் மேடையில் சில தொழில்நுட்பக் காரணங்கள் என்றார், விரைவில் என்றார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "விரைவில்னா எப்போ? விதை காயுதுங்க" என்றார். சின்னவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பாதான் எழுந்துபோய், இன்னும் ஒரு வடிகட்டி வேண்டும், மூன்று மாதமாவது ஆகும், அதுவரை லாரியில் நல்ல தண்ணீர் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தருவார்களா என்று எனக்குத் தெரியாது என்றாள். யாரும் கை தட்டவில்லை. புதுச் சட்டைக்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தோம். பாப்பா கூடத்து சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். அவள் அம்மா தட்டில் போட்டு வந்த சாப்பாட்டை மூடி வைத்தாள்.

ஏழு மணிக்கு அவள் போன் அதிர்ந்தது. சின்னவர். நான் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"அவ தூங்குறா சார்."

"பரவாயில்ல, உங்ககிட்டதான் பேசணும்." அவர் குரலும் களைத்திருந்தது. "மீன் நீங்கதானே வாங்கினீங்க?"

"ஆமா சார்."

"கடை மீன்ல ஒண்ணு ரெண்டு முன்னாடியே சீக்கு பிடிச்சிருக்கும் இல்ல? அதுல ஒண்ணு வாங்கும்போதே சோர்வா இருந்துச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா, இந்தச் சோதனை செல்லாதுன்னு ஆகிடும். வேற சோதனை பண்ணிக்கலாம். மெதுவா. அதுக்குள்ள குழாயைத் திறந்துடலாம். நாம கெடுதல் பண்ற ஆளுங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"மேடம் வேலையும் இதுல இருக்கு சார். இயக்குநருங்க கோபமா இருக்காங்க. நான் ஒருத்தனா எவ்வளவு தூரம் தாங்க முடியும்?"

கூடத்தில் அவள் தூக்கத்தில் ஏதோ முனகினாள். அவள் அம்மா மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

"பத்தும் நல்ல மீன் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"நானே பார்த்துப் பொறுக்கினேன் சார். பத்தும் நல்லா இருந்துச்சு."

அந்தப் பக்கம் பேனாவை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அவங்க எந்திரிச்சதும் பேசச் சொல்லுங்க," என்றார்.

போனை வைத்தேன். வீட்டுக்காரி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"யாருங்க?"

"ஆபீசு."

"எழுப்பட்டுமா?"

"வேணாம். தூங்கட்டும்."